பழகிய திரையும் பழகாத கணக்கும்



சரக்குக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு அடுத்தபடியாக நமது கடைகளுக்கு இப்போது அதிகம் வந்து போகிறவர்கள் பில் போடும் சாப்ட்வேர் விற்கிறவர்கள்தாம். வருகிற தம்பிகள் மரியாதை தெரிந்தவர்கள். நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள். "சார், இதுக்கு டிரெயினிங்கே தேவையில்லை. உங்க கடைப் பையன் போன்ல பொருள் ஆர்டர் போடுறான்ல, அதே மாதிரிதான் இருக்கும். அரை மணி நேரத்துல பழகிடுவான்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான். மறு பாதியை அப்படியே நம்பினாலும் நஷ்டம் நமக்குத்தான். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம் என்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று.

நமது மண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. எந்த விசையை அழுத்தினால் எது வரும் என்பதை ஒருவர் அருகில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பி.காம். படித்த பிள்ளைகளே கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி, மாதக் கணக்கில் படித்துவிட்டுத்தான் வேலை கேட்டு வந்தார்கள். பேரேடு எழுதிக்கொண்டிருந்த நமது கணக்கப்பிள்ளைகளோ அந்தப் பெட்டி இருந்த பக்கமே வரவில்லை. சிரமப்பட்டு ஒருவனுக்குச் செலவு செய்து கற்றுக் கொடுத்தால், ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவான். பிறகு வருகிறவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் நம்மில் பலர் அன்று பயிற்சி என்றாலே முகம் சுளித்தோம்.

அந்த நாளிலும் ஒரு சாரார் மட்டும் தயக்கமில்லாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதல்ல காரணம். டைப்ரைட்டரில் ஆங்கில எழுத்து எந்த வரிசையில் இருந்ததோ, அதே வரிசைதான் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அமெரிக்காவில் 1870களில் உண்டான வரிசை அது. இயந்திரம் மாறியது, கை மாறவில்லை.

தமிழ் எழுத்திலும் இதே கதைதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. கற்பதற்கு எளிது, விசையழுத்தமும் குறைவு என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் பழைய தமிழ் டைப்ரைட்டரில் பழகியவர்களின் விரல்கள் பழைய வரிசையைத்தான் தேடின. நமக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடைகளில் நெடுநாள் அதுவே ஓடியது. இன்றைய பிள்ளைகளோ இரண்டையும் விட்டுவிட்டு, போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். அவர்களுக்கு அது பழகிவிட்டது. சிறந்தது எது என்பதைவிடப் பழகியது எது என்பதே கடைசியில் வெல்கிறது.

இன்று நமது கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பதினெட்டு வயதுப் பையனைப் பாருங்கள். கிராமத்திலிருந்து நேரே வருகிறான். கம்ப்யூட்டர் படிக்கவில்லை. ஆனால் பூதக்கண்ணாடிப் படம் இருந்தால் அங்கே தேடலாம் என்று தெரியும். தள்ளுவண்டிப் படம் இருந்தால் எடுத்த பொருளெல்லாம் அதில் சேரும் என்று தெரியும். மூன்று புள்ளியை அழுத்தினால் மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும் என்று தெரியும். மணி படத்தின் மேல் சிவப்பு எண் இருந்தால் ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த முதலாளியும் செலவு செய்யவில்லை. சேமிப்பதற்கு இன்னும் சில சாப்ட்வேர்களில் பிளாப்பி படம் இருக்கிறது. பிளாப்பி என்ற பொருளை அவன் கண்ணால் கண்டதில்லை. அதை அழுத்தினால் சேமிக்கும் என்பது மட்டும் தெரியும்!

இணையதளங்களை மக்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துச் சொன்னார். மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுடைய தளங்களில் செலவிடுகிறார்கள். ஆகவே உங்கள் தளமும் அவற்றைப் போலவே இயங்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நமக்கு இது புதிய செய்தி அல்ல. புதிதாகக் கடை வைக்கிறவர் கல்லாவை வாசல் பக்கம் வைக்காமல் பின்கட்டில் வைத்தால், வந்தவர் எங்கே பணம் கொடுப்பது என்று தெரியாமல் விழிப்பார் அல்லவா?

எனவே சாப்ட்வேர் வாங்கும்போது, விலையையும் வருடாந்தரக் கட்டணத்தையும் பார்ப்பதோடு, அதன் முகம் நமது பையன்களுக்குப் பழகிய முகமா என்பதையும் பார்க்க வேண்டும். பழகிய முகமாக இருந்தால் ஒருவன் நின்றாலும் அடுத்தவன் இரண்டு மூன்று நாளில் பில் போடத் தொடங்கிவிடுகிறான். நமது கடையில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம்.

ஆனால் பழகிய முகம் என்பது யாருக்குப் பழகியது என்ற கேள்வி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் கடையில் இருப்பது டேலி. 2009இல் வந்த ஈ.ஆர்.பி. 9இல் பத்து வருடத்துக்கு மேல் கை பழகியவர்கள் நமது கணக்கர்கள். 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. அதில் திரையின் மேலே 'கோ டூ' என்று தேடும் இடம் ஒன்று வைத்தார்கள். ஆல்ட், ஜி இரண்டையும் அழுத்தி, வேண்டியதன் பெயரை அடித்தால் அங்கே கொண்டுபோய் விடும். இணையத்தில் தேடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சொந்த ஊருக்குப் போவது போல. பழையவர்களுக்கோ, கன்ட்ரோல் எஃப் 8 அழுத்தினால் வந்த கிரெடிட் நோட், இப்போது ஆல்ட் எஃப் 6 அழுத்தினால்தான் வருகிறது. விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்பது மாறாமல் இருந்ததால் பிழைத்தார்கள். ஒரே மாற்றம் சின்னவனுக்குப் பயிற்சியைக் குறைத்தது, பெரியவருக்குப் பயிற்சியைக் கூட்டியது. 'டிரெயினிங்கே தேவையில்லை' என்று சொல்கிற தம்பியிடம், யாருக்குத் தேவையில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

இனி மறு பாதிக்கு வருவோம். அதில்தான் நமது பணம் இருக்கிறது.

பழகிய திரை, பழகிய பழக்கங்களையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. வாட்ஸ்அப்பில் தவறாக அனுப்பினால் அழித்துவிடலாம். எதிரில் இருப்பவர் போனிலும் போய்விடும். பில் அப்படியல்ல. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும் வரியுள்ள சரக்குக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டு வருகிறோம். அதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதன் பிறகு கிரெடிட் நோட்தான் வழி.

நமது பஜாரில் ஓர் எண்ணெய் மொத்தக் கடையில் நடந்தது இது. 5 டின்னுக்குப் பதிலாக 50 டின் என்று ஒரு பையன் பில் போட்டுவிட்டான். உடனே பார்த்துவிட்டான், கெட்டிக்காரன்தான். கடை சாப்ட்வேரில் அந்தப் பில்லை அழித்துவிட்டுச் சரியான பில்லைப் போட்டான். சரக்கும் சரியாகப் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் முதல் பில் ஏற்கெனவே அரசுத் தளத்தில் பதிவாகி எண் வாங்கிவிட்டது. கடையில் இல்லாத பில் அங்கே உயிரோடு இருக்கிறது! ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய வேண்டிய 11ஆம் தேதிக்கு முன் இரண்டையும் ஒத்துப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. ஒத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்து போகும் அந்தக் கடையின் பழைய கணக்கப்பிள்ளை. கிரெடிட் நோட் போட்டுக் கணக்கைத் தீர்த்தார்கள். வாங்கியவருக்கு விளக்கம் சொல்லித் தீர்ப்பதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

அந்தப் பையனைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அவன் அறிந்த உலகத்தில் அழித்தால் அழிந்துவிடும். வியாபாரத்தில் ஒரு காகிதம் கடையை விட்டு வெளியே போய்விட்டால் அதை இன்னொரு காகிதத்தால்தான் நேர் செய்ய வேண்டும் என்பதை யார் அவனுக்குச் சொன்னார்கள்? நமது தகப்பனார் காலத்தில் பேரேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அதே பாடம்தான், கேட்பதற்கு ஆளிருந்தும் சொல்வதற்கு நாம் இல்லை.

தேடும் பெட்டியும் அப்படித்தான். இரண்டு எழுத்து அடித்ததும் பெயர்கள் வரிசையாக வந்து விழுகின்றன. இணையத்தில் முதலில் வருவது பெரும்பாலும் வேண்டியதாகவே இருந்து பழகியதால், பிள்ளைகள் முதல் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். நமது மாவட்டத்தில் முருகன் ஸ்டோர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சரக்கு ஓர் ஊருக்குப் போகிறது, பற்று இன்னோர் ஊர்க்காரர் பேரில் ஏறுகிறது. வசூலுக்குப் போகிறவர் இருவரிடமும் பேச்சு வாங்குகிறார்.

வரி விகிதத்தில் இது இன்னும் மோசம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்துப் பெயரிட்ட அரிசி, பருப்பு 25 கிலோ வரை 5 சதவீதம். அதற்கு மேல் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்தது என்பது நமக்குத் தெரியும். திரையைப் பார்க்கிற பையனுக்கு 25, 26 இரண்டும் அடுத்தடுத்த இரண்டு வரிகள், அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறியபோது குளியல் சோப்புக் கட்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. துணி துவைக்கும் சோப்பு 18லேயே நின்றது. தேடும் பெட்டியில் 'சோப்பு' என்று அடித்தால் இரண்டும் வரும். எதைத் தட்ட வேண்டும் என்பதைப் பூதக்கண்ணாடி சொல்லாது.

ஆக, திரையைக் கற்றுக்கொடுக்கும் செலவு குறைந்திருக்கிறதே தவிர, வியாபாரத்தைக் கற்றுக்கொடுக்கும் செலவு குறையவில்லை. முன்பு இரண்டும் சேர்ந்தே நடந்தன. விசைகளைச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில், இது பற்று, இது வரவு, இது இருப்பு என்பதும் காதில் விழுந்துவிடும். இப்போது திரைப் பயிற்சி தேவையில்லை என்று எடுத்துவிட்டதால், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த கணக்குப் பயிற்சியும் சத்தமில்லாமல் போய்விட்டது. பையன் முதல் நாளே வேகமாக பில் போடுவதைப் பார்த்து, இவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

வேகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் எளிதாக இருப்பது எப்போதும் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கவுண்டரில் இருபது பேர் நிற்கும்போது, படத்தைத் தொட்டு, நகர்த்தி, மறுபடி தொட்டுப் போடுகிற பில்லுக்கும், விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காமல் போடுகிற பில்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சில்லறைக் கடைக்கும், ஆர்டர் எடுக்கப் போகிறவருக்கும் போன் போன்ற திரை ஏற்றது. நாள் முழுவதும் பில் போடுகிற மொத்தக் கடைக்கு, கற்க ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் விசைகளால் ஓடுகிற சாப்ட்வேரே நல்லது என்பது நமது கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இதழில் எழுதலாம்.

நம்மை உறுத்துகிற விஷயம் இன்னொன்று. 'டிரெயினிங் வேண்டாம்' என்ற பேச்சை நம்பி, சில கடைகளில் கணக்கப்பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இருபது, இருபத்தைந்து வருடம் அந்தக் கடையின் வரவு செலவைத் தம் வீட்டுக் கணக்குப் போல் பார்த்தவர்கள் அவர்கள். யார் சொன்ன தேதியில் பணம் தருவார், யாருக்கு இரண்டு லோடுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது, எந்த ஊர்க்காரர் பொங்கல் கழித்துத்தான் தீர்ப்பார் என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கிறது. எந்தத் திரையிலும் இல்லை. அவர்களுக்குத் திரைதான் பழகவில்லை. பையன்களுக்குக் கணக்குதான் பழகவில்லை. இருவரையும் அருகருகே இரண்டு மாதம் உட்கார வைத்தால் முடிகிற காரியத்துக்கு, ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது வியாபாரமா? கணக்கப்பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் பேரக்குழந்தைகளோடு வீடியோவில் பேசுகிறார், மின்கட்டணத்தைப் போனில் கட்டுகிறார்.

நாமும் அப்படித்தானே? முப்பது வருடமாக கம்ப்யூட்டரைத் தொடாமல், கணக்கரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று 'இன்னிக்கு எவ்வளவு?' என்று கேட்டு வந்த முதலாளிகள் நம்மில் எத்தனை பேர்! இன்று அறுபது வயதைக் கடந்தவர்களும் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புகிறோம், யு.பி.ஐ.யில் பணம் வந்ததா என்று நாமே பார்க்கிறோம். பழகிய திரையால் உண்மையில் அதிக லாபம் அடையக்கூடியவர்கள் பையன்கள் அல்ல, நாம்தான். நிலுவை எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பதை யாரையும் கேட்காமல் நாமே திறந்து பார்க்க முடியும். இதைச் செய்யாமல், ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து நமது போனுக்கு வருகிற ஓ.டி.பி. எண்ணை எதற்கென்று கேட்காமலே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது, கையெழுத்திட்ட வெற்று செக்கைக் கொடுப்பதற்குச் சமம். கடவுச்சொல் பையனிடமும் ஆடிட்டர் ஆபீசிலும் இருக்கிறது. முதலாளியிடம் இல்லை என்ற நிலை நமது சங்க உறுப்பினர்கள் பலரிடம் இருப்பதை அறிவோம்.

சாப்ட்வேர் மாற்ற நினைக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்க வந்த தம்பி ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் கையில் எல்லாம் ஓடும். அவரைச் சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கடைப் பையனை உட்கார வையுங்கள். ஒரு கடன் பில், ஒரு சரக்குத் திரும்பல், ஒரு பகுதி வசூல், 25 கிலோ மூட்டையும் 26 கிலோ மூட்டையும் கலந்த ஒரு பில் என்று நான்கைக் கொடுங்கள். அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பொத்தான் தெரியாமல் நின்றால் அது சாப்ட்வேரின் குறை, விற்பவரிடம் கேளுங்கள். கணக்குத் தெரியாமல் நின்றால் அது நாம் கொடுக்க வேண்டிய பயிற்சி. பிறகு கணக்கப்பிள்ளையையும் உட்கார வைத்து அதே நான்கைப் போடச் சொல்லுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் மார்ச் கடைசியில் மாற்றாதீர்கள். பொங்கல் கழிந்ததும் வாங்கி, பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பழையதில் போட்ட பில்களில் தினம் பத்தையாவது புதியதில் ஒத்திகையாகப் போட்டுப் பழக வையுங்கள். அரசுத் தளத்தில் பதிவாகாதபடி ஒத்திகைக் கம்பெனி ஒன்றைத் திறந்து அதில் போட வேண்டும். ஏப்ரல் 1 புதுக்கணக்கை நேரே புதியதில் தொடங்கலாம்.

நமது சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தின் மாடி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலியாகத்தான் இருக்கிறது. கடைப் பையன்களையும் கணக்கப்பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, ரத்து எப்போது, கிரெடிட் நோட் எப்போது, எந்தச் சரக்குக்கு எந்த விகிதம் என்பதை நமது பஜார் பில்களையே வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். வெளியிலிருந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை. நமது கடைக் கணக்கப்பிள்ளையை முதல் நான்கு வாரம் அனுப்பத் தயாராக இருக்கிறோம். அவருக்கு அருகில் உட்கார்ந்து திரையை ஓட்ட, போன் பழகிய ஒரு பையனை வேறு எந்த உறுப்பினராவது அனுப்பி வைத்தால் போதும்.